"யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தா போதும்"

கேள்வி: செப்டம்பர் 21, இரவு 10.15

இன்று உலக அமைதி நாள் என்று பையனின் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவனிடம் சும்மா கேட்டேன், "உனக்கு அமைதின்னா என்னடா?" என்று. 17 வயது. காதிலிருந்து ஹெட்போனைக்கூட எடுக்காமல் சொன்னான்: "யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தா போதும்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் வயதில் நான் போர், அகதிகள், அணுகுண்டு என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். இந்தப் பிள்ளைகளுக்கு அமைதி என்றால் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும்தானா? இதைச் சுயநலம் என்று நான் நினைப்பது தவறா?

பதில்: செப்டம்பர் 22, காலை 6.40

தவறு என்றுதான் நினைக்கிறேன். பள்ளிக்குக் கிளம்பும் அவசரம், அதனால் இப்போதைக்கு ஒன்று மட்டும். அவனிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "யார் கூப்பிடறாங்க?" குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். மீதியை இரவு எழுதுகிறேன்.

செப்டம்பர் 22, இரவு 9.50

நான் 11, 12ஆம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 14 வருடம் ஆகிறது. எங்கள் பள்ளியிலும் நேற்று இதே நாளைக் கொண்டாடினோம். அசெம்பிளியில் ஒரு நிமிட மௌனம். வரிசையில் சிரித்த இரண்டு பேரை முறைத்து அடக்கினேன்.

அப்புறம் வகுப்பில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், கடைசியாக எப்போது அமைதியாக உணர்ந்தாய் என்று மட்டும் எழுது என்றேன். 'அமைதி என்றால் என்ன' என்று கேட்டால் புறாவும் வெள்ளைக்கொடியும்தான் வரும். அதைப் பல வருடம் திருத்தியிருக்கிறேன்.

38 சீட்டு வந்தது. உங்கள் மகனின் பதிலைப் போலவே 7, 8 சீட்டு இருந்தது. போன் அணைந்திருந்தபோது, வீட்டில் யாரும் இல்லாதபோது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தபோது என்று. மற்றவைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "அப்பா வண்டியை நிறுத்தும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும். மெதுவாக ஸ்டாண்டு போட்டால் அமைதி." இன்னொன்று: "அக்கா ராத்திரி வேலை முடிந்து வந்து சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் போட்டதும்." இன்னொன்று: "வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு." அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரிந்தால் அமைதியாக இருக்கும், இதுவரை இருந்ததில்லை என்று ஒருவர். கல்லூரியா, வேலையா, எந்த ஊரா, எதுவும் தெரியவில்லையாம்.

ஒரு சீட்டு வெறுமையாக வந்தது. எழுத ஒன்றுமில்லை போலும் என்று மேலே வைத்துவிட்டேன்.

இன்னொன்றில் ஒரே வரி: "எங்கள் வீடு ரொம்ப அமைதி. யாரும் யாரிடமும் பேசுவதில்லை." இதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. பிறகு வருகிறேன்.

உங்கள் மகன் சொன்னதைச் சுயநலம் என்று சொல்லுமுன் இந்தச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

செப்டம்பர் 23, பகல் 1.10

சாப்பாட்டு இடைவேளையில் தோன்றியது.

நாம் பிள்ளைகளிடம் 'அமைதியா இரு' என்றால் வாயை மூடு என்றுதான் பொருள். ஆசிரியராக ஒரு நாளில் நான் எத்தனை முறை சொல்கிறேனோ தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அதட்டலாகவே கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், அமைதி என்றால் என்ன என்று நாமே கேட்கிறோம். 'சமாதானம்' இன்னும் மோசம். சண்டை போட்டவர்களை இழுத்துவந்து கை குலுக்க வைப்பது அது. 'ஒரு சமாதானம் சொல்லிட்டான்' என்றால் சாக்குச் சொன்னான் என்று அர்த்தம். 'நிம்மதி' மட்டும்தான் அவர்கள் தாங்களாகவே எடுத்துப் பயன்படுத்தும் சொல்.

ஆனால் அமைதி என்ற சொல்லின் வேரில் மௌனம் இல்லை. அமைதல்தான் இருக்கிறது. வேலை அமைந்தது, நல்ல நண்பன் அமைந்தான், வீடு அமைந்தது என்கிறோமே, அந்த அமைதல். பொருந்தி வருவது. அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியவில்லை என்று எழுதிய பிள்ளை அந்தப் பழைய பொருளில்தான் எழுதியிருக்கிறது.

தப்பாகப் பதில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை என்ற சீட்டுக்கும் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு: வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது பாடப்புத்தக உதாரணம். அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழையை, சொன்னவனின் அன்புக்காக மொழி மன்னித்துவிடுகிறது. இதை வருடா வருடம் நடத்துகிறேன். வகுப்பறையோடு சேர்த்துப் பார்க்க இன்றைக்குத்தான் தோன்றியது.

மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 24, இரவு 10.30

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதெல்லாம் வீட்டுப் பிரச்சினை. அமைதி என்றால் போர் இல்லாதது. குண்டு விழும் இடத்தில் வாழும் பிள்ளையையும் அப்பா வண்டிச் சத்தத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா?"

நியாயமான கேள்வி. ஒரே தட்டில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் போர் இல்லாததுதான் அமைதி என்ற இடத்தை இந்தத் துறையில் இருப்பவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். நார்வேயின் அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1960களிலேயே இரண்டாகப் பிரித்தார். துப்பாக்கி ஓய்ந்திருப்பது எதிர்மறை அமைதி. மனிதர்கள் தங்கள் ஆற்றலுக்கேற்ப வாழ வழி இருப்பது நேர்மறை அமைதி. 1969இல் கட்டமைப்பு வன்முறை என்பதை விளக்கினார். அடிப்பவன் என்று ஒருவனைக் கைகாட்ட முடியாது, ஆனாலும் அடி விழுந்துகொண்டே இருக்கும். தீர்க்கக்கூடிய நோயால் ஒருவர் இறந்தால் அதுவும் வன்முறைதான் என்றார். நமக்கு இது புதிதும் இல்லை. நாடு எது என்று சொல்ல வந்த குறள், உறுபசி, ஓவாப் பிணி, செறுபகை மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பகை மூன்றாவதாக வருகிறது, பசி முதலில்.

இளைஞர்களையும் அமைதியையும் சேர்த்து ஐ.நா. பாதுகாப்பு அவை போட்ட முதல் தீர்மானம் 2250. 2015 டிசம்பர் 9. ஜோர்டான் முன்னெடுத்தது. 18 முதல் 29 வயது வரை இளைஞர் என்று அது வரையறுக்கிறது. உங்கள் மகன் 17 என்பதால் அதில் வரமாட்டான். அவனுக்கு 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கை இருக்கிறது. தீர்மானம் கேட்டுக்கொண்டபடி ஓர் ஆய்வறிக்கையும் 2018இல் வந்தது. பல நாடுகளில் 4,000க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் பேசித் தயாரித்தது. அதன் சாரம் இரண்டு வரிதான். ஒன்று, இளைஞர் கூட்டம் என்றாலே ஆபத்து என்று அரசுகள் பதறுவதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலான இளைஞர்கள் எந்த வன்முறைக்கும் போவதில்லை. இரண்டு, அவர்கள் அனுபவிக்கும் பெரிய வன்முறை ஒதுக்கப்படுவது. முடிவெடுக்கும் அறையில், பள்ளியில், வேலையில், அவர்கள் குரலுக்கு இடமில்லாமல் போவது.

போருக்குள் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். கொலம்பியாவைச் சொல்கிறேன். 1996 அக்டோபரில் அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம். உங்களுக்கு எந்த உரிமை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று கேட்டார்கள். 7 வயது முதல் 18 வரை, 27 லட்சம் பிள்ளைகள் வந்து வாக்களித்தார்கள். உயிர் வாழும் உரிமையையும் அமைதிக்கான உரிமையையும் முதலில் வைத்தார்கள். அடுத்த வருடமே பெரியவர்களும் 1 கோடிப் பேர் அமைதிக்கு வாக்களித்தார்கள். அரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும் நடுவே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 ஆனது. அன்று 7 வயதில் வாக்களித்த குழந்தைக்கு அப்போது 27 வயது. அதிலும் அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. உடனே தெருவுக்கு வந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் மாணவர்கள். நவம்பரில் திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது.

சத்தம் போட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் அமைதியைக் கேட்டார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் அசெம்பிளியில் நான் முறைத்த அந்த இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

செப்டம்பர் 25, காலை 6.15

22ஆம் தேதிக் குறிப்பில் வெறுமையான சீட்டைப் பற்றி 'எழுத ஒன்றுமில்லை போலும்' என்று எழுதியது தவறு. இரவில் எடுத்து மறுபடி பார்த்தேன். பேனா வைத்து அழுத்திய தடம் இருக்கிறது. ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்தியிருக்கிறது அந்தப் பிள்ளை. நிரப்பிய 37 சீட்டைப் படித்த அவசரத்தில் இதைத் தள்ளிவைத்துவிட்டேன். யாருடையது என்று கண்டுபிடிக்க முயலமாட்டேன், பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதே கேள்வியை இன்னும் சில முறை கேட்பேன்.

செப்டம்பர் 27, மாலை 5.20

"சண்டை போடும் பிள்ளைகளைச் சமாதானம் செய்வதும் அமைதிக் கல்விதானே?" என்று கேட்டவருக்கு என் அனுபவம் ஒன்று.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தவன், பாதி வகுப்பு அவன் நண்பர்கள். இன்னொருவன் அந்த வருடம்தான் வந்து சேர்ந்தான். இரண்டு மாதம் முணுமுணுப்பு, ஒருநாள் கைகலப்பு. சட்டை கிழிந்தது, உதடு கிழிந்தது. நான் இருவரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்து, அரைமணி நேரம் பேசி, கை குலுக்க வைத்தேன். அதன்பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. பள்ளி முடிக்கும்போது நெருங்கிய நண்பர்கள். என் 14 வருடத்தில் நிறைவு தந்த சம்பவங்களில் அது ஒன்று.

உளவியலில் இதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. 1954இல் முஸஃபர் ஷெரிஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார். 11, 12 வயதுப் பிள்ளைகள். போட்டி வைத்ததும் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலுக்குள் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தால் சாப்பாட்டை எறிந்துகொண்டார்கள். அப்புறம் முகாமின் தண்ணீர் நின்றுபோனது (வேண்டுமென்றே நிறுத்தினார்கள்). எல்லாரும் சேர்ந்து கோளாறைத் தேடினார்கள். நின்றுபோன லாரியை, முன்பு தங்களுக்குள் இழுபறிப் போட்டி நடத்திய அதே கயிற்றைக் கட்டி, சேர்ந்து இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகளுக்குப் பின் பகை கரைந்தது. பெரியவர்கள் சரியான சமயத்தில் தலையிட்டால் எல்லாம் சரியாகும் என்பதற்கு இதையும் என் ஆசிரியர் அறைக் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

செப்டம்பர் 28, காலை 11.00

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

அந்த இருவரில் புதிதாக வந்து சேர்ந்தவன் இதைப் படித்துவிட்டுக் காலையில் போன் செய்தான். இப்போது வேலையில் இருக்கிறான். மரியாதையாகத்தான் பேசினான். "டீச்சர், நீங்க சொன்னதுல ஒண்ணு தப்பு. நாங்க அன்னைக்கு ஃப்ரெண்ட்ஸ் ஆகலை" என்றான்.

கை குலுக்கிய அன்று மாலையே வாசலில் அவனை நாலு பேர் வழிமறித்தார்களாம். அதற்கப்புறம் அவன் மூன்று வாரம் பின்பக்க வாசல் வழியாகப் போனான். எனக்குத் தெரியாது. சண்டை நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று வாரமும் அவன் தினமும் பயந்துகொண்டு வீடு போயிருக்கிறான்.

பிறகு எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், மழை வருகிறது என்று மைதானத்தில் போட்ட பெஞ்சுகளை உள்ளே தூக்கிப்போட வேண்டியிருந்தது. ஆள் இல்லை. இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் பின்னால் நடக்க வேண்டும், மற்றவன் 'படி, படி, இப்ப திரும்பு' என்று வழிசொல்ல வேண்டும். இருபது பெஞ்சு. கடைசியில் அந்தப் பழைய பையன்தான் "வாசல்ல நிக்கறது நான் சொல்லி இல்லடா. ஆனா நிறுத்தவும் இல்ல" என்று சொன்னானாம். மறுநாளிலிருந்து இவன் முன்வாசல் வழியாகப் போனான்.

போனை வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னான். "அன்னைக்கு அரைமணி நேரம் நீங்கதான் பேசினீங்க டீச்சர். என்ன நடந்துச்சுன்னு கேக்கவே இல்ல."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். இதை எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 28, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. ஷெரிஃப் சோதனையை நேற்று அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே பகையைக் கரைத்தது பெரியவர்களின் அறிவுரை இல்லை. சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்ததுதான். அதை என் ஆசிரியர் அறைக்கு ஆதாரமாகச் சொன்னதே பிழை. பெஞ்சு தூக்கியதுதான் அந்த லாரி.

அதோடு பகையை உண்டாக்கியதும் பெரியவர்கள்தான். ஷெரிஃப் 1953இல் நியூயார்க் மாநிலத்தில் இதேபோல இன்னொரு முகாம் நடத்தினார். அதில் பிள்ளைகளை முதலில் பழகவிட்டு, அப்புறம் அணி பிரித்தார்கள். துணியைத் திருடியும் கொடிக்கயிற்றை அறுத்தும் தூண்டினார்கள். பிள்ளைகள் சண்டைக்குப் போகவில்லை. தங்களை யாரோ தூண்டுகிறார்கள் என்றே கண்டுபிடித்துவிட்டார்கள். சோதனையைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. உலகம் ஓக்லஹோமாவைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த 1953ஆம் வருடப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது.

அதே 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், பகைக்குழுக்கள் பழகினால் வெறுப்புக் குறைவதற்கு நான்கு நிபந்தனை சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது என்றார்கள். நான்கும் முழுதாக இல்லாவிட்டாலும் பலன் உண்டு, இருந்தால் கூடுதல் பலன் என்றும் சொன்னார்கள்.

என் ஆசிரியர் அறையில் இந்த நான்கில் என்ன இருந்தது? மேலிடம் மட்டும் இருந்தது. ஒருவன் பக்கம் பாதி வகுப்பு, இன்னொருவன் பக்கம் யாருமில்லை, இருவரையும் சமமாக நிற்கவைத்துச் சமமாகத் திட்டினேன். சமமில்லாதவர்களைச் சமமாகத் திட்டினால் அது யாருக்குச் சாதகம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பெஞ்சின் இரண்டு முனைக்கும் பாரம் ஒன்றுதான்.

அக்டோபர் 1, இரவு 9.15

ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர், "போனைப் பிடுங்கினால் தானாக அமைதி வரும்" என்று எழுதியிருந்தார்.

இன்று வகுப்பில் கேட்டேன். ஒரு பெண், இரவில் படுக்கும்முன் போனில் போர்க் காட்சிகள் வரும், தன் வயதுப் பெண் இடிபாடுகளுக்கு நடுவில் நின்று பேசுவாள், அடுத்த நொடி யாரோ ஆடுவார்கள் என்றாள். "பார்த்துட்டுக் கீழ தள்ளிட்டா தப்புப் பண்ணின மாதிரி இருக்கு டீச்சர். பார்த்துக்கிட்டே இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியல." நம் தலைமுறை போரைப் பற்றிக் கட்டுரை எழுதியது, அதற்கு வாரம் ஒருமுறை செய்தி போதும். இவர்கள் தலையணைக்கு அருகில் அதை வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். உலகத்தைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள் என்று நீங்கள் சொன்னது இவர்களைத்தான். சில சமயம் ஹெட்போனில் பாட்டே ஓடுவதில்லையாம். மாட்டியிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், அதற்காக மட்டும் மாட்டிக்கொள்வோம் என்று மூன்று பேர் சொன்னார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றும் பண்ண முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்னதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சடாகோவின் கதையைச் சொன்னேன். ஆனால் வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை.

வருடா வருடம் வகுப்பில் காகிதக் கொக்கு மடிப்போம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு 2 வயது. பத்து வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் மடித்துக்கொண்டே இருந்தாள். 1955 அக்டோபர் 25 அன்று இறந்தாள், 12 வயதில். நான் எப்போதும் இங்கே நிறுத்திவிடுவேன். வகுப்பு மௌனமாகிவிடும். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்தான் கதையே இருக்கிறது. அவளோடு படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. அவளுக்கும் குண்டால் இறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கிளம்பினார்கள். ஜப்பான் முழுக்கப் பள்ளிகளுக்குச் செய்தி போனது, பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். 1958 மே 5 அன்று அது திறக்கப்பட்டது. இன்றும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் நிற்கிறது. கீழே கல்லில் எழுதியிருப்பது மூன்றே வரி. இது எங்கள் கூக்குரல். இது எங்கள் பிரார்த்தனை. உலகில் அமைதியைக் கட்டுவதற்காக.

முதல் வரியிலேயே கூக்குரல். பிள்ளைகள் அமைதிக்கு வைத்த கல்லில் முதலில் வந்திருக்கும் சொல் அது. இத்தனை வருடம் அதை விட்டுவிட்டுக் கொக்கு மட்டும் மடிக்க வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் கேட்டாள்: "அவங்களுக்கு அப்ப என்ன வயசு டீச்சர்?" சடாகோவின் வயதுதான், அவளோடு படித்தவர்கள் இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். பிறகு மதியம் வந்து, அடுத்த அமைதி நாளில் அந்த ஒரு நிமிடத்தை மௌனத்துக்குப் பதில் யாராவது பேசலாமா என்று கேட்டாள். செப்டம்பர் 21 என்ற தேதியை ஐ.நா. 2001இல் நிலைப்படுத்தியபோது அதைப் போர்நிறுத்த நாள், வன்முறையற்ற நாள் என்றுதான் அறிவித்தது. ஓய வேண்டியது துப்பாக்கி. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயை மூடவைப்பது பெரியவர்களாக நாம் சேர்த்துக்கொண்டது. தலைமையாசிரியரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 3, இரவு 10.05

கேள்வி கேட்ட அம்மா இன்று மாலை எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மகனிடம் "யார் கூப்பிடறாங்க?" என்று கேட்டிருக்கிறார். முதலில் "ஒண்ணுமில்ல" என்றவன், இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து சொன்னானாம்: "நீயும் அப்பாவும்தான். நீ கூப்பிட்டு அப்பா என்ன சொன்னாருன்னு கேப்ப. அவர் கூப்பிட்டு உங்கம்மா என்ன சொன்னான்னு கேப்பாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

இதை இங்கே எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதைச் சொல்கிறேன். 'எங்கள் வீடு ரொம்ப அமைதி' என்ற சீட்டைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்று சொல்லி 11 நாள் ஆகிறது.

எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. 13 வயதிலிருந்து 17 வரை. அப்பாவும் அம்மாவும் நேரில் பேசிக்கொள்ளமாட்டார்கள். கத்தமாட்டார்கள், எதையும் எறியமாட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் எவ்வளவு அமைதியான குடும்பம் என்பார்கள். ஒரே வீட்டுக்குள் நான்தான் தபால்காரி. "வேணும்னா வந்து சாப்பிடச் சொல்லு" என்று அம்மா சொல்வதை, "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கப்பா" என்று மாற்றிச் சொல்வேன். அப்பா, "பணம் மேசை மேல இருக்கு, எடுத்துக்கச் சொல்லு" என்பதை, "அப்பா உங்களுக்காக எடுத்து வச்சிருக்காரும்மா" என்பேன். அந்த நான்கு வருடமும் நான் கேட்ட எந்தச் சொல்லையும் கேட்டபடியே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சொற்களில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்தது அங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போது யாராவது உனக்கு அமைதி என்றால் என்ன என்று கேட்டிருந்தால், நானும் உங்கள் மகன் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன். அவனிடமாவது மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன் இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவையும் சொல்லமாட்டேன். பேச முடியாத அளவுக்கு அவர்களுக்கு நடுவே என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை. அந்தப் பையனிடம் கேட்காமல் விட்ட மாதிரியே.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக எதுவும் எனக்குத் தெரியாது. அவர்கள் சேர்ந்து வாழ வேண்டுமா, பிரிய வேண்டுமா என்பதெல்லாம் நான் சொல்லக்கூடியது இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லலாம். அடுத்த தடவை அவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமென்றால் பையனைக் கூப்பிடாதீர்கள். அவரையே கூப்பிடுங்கள். ஒரே ஒரு விஷயத்துக்கு, உதாரணமாக ஃபீஸ் கட்டியாச்சா என்பதற்கு. சண்டையாக முடிந்தாலும் அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும்.

அக்டோபர் 4, காலை 6.30

நேற்று எழுதியதில் 'அவர்கள் சேர்ந்து வாழ வேண்டுமா' என்று வந்துவிட்டது. 'நீங்கள் இருவரும்' என்று இருந்திருக்க வேண்டும். எழுதும்போது என் வீட்டை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்யப் போகிறேன். என்ன நடந்தது என்று கேட்கத்தான்.

வகுப்புக்கு 38 புதுச் சீட்டு வெட்டி எடுத்துவைத்திருக்கிறேன்.